ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்பவர்கள்

நம்மூரில் லைன்மேன் என்றால் மின்வாரியத்துக்காரர். கரண்ட் இருக்கும்வரை அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. போன மறு நிமிடம் தெருவே அவர் நம்பரைத் தேடும். அமெரிக்கக் கால்பந்திலும் லைன்மேன் என்றொரு வேலை உண்டு. கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் வேலையின் சுபாவம் அச்சு அசலாக இதுதான். ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு தடவை சறுக்கினால் அதையே நான்கு கோணங்களில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள்.

தற்காப்பு அணியிலும் லைன்மேன்கள் உண்டு. அவர்கள் பாய்ந்து வீழ்த்துபவர்கள். கைதட்டல் அவர்களுக்குக் கிடைத்துவிடும். இங்கே பேச்சு தாக்குதல் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரைப் பற்றியது. நடுவில் சென்டர், குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். அந்தத் தொடக்கத்துக்கு ஸ்னாப் என்று பெயர். சென்டரின் இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு வெளியே ஓரங்களில் இரண்டு டாக்கிள்கள். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கோ, ஓடுபவர் பந்தோடு நுழைவதற்கோ தேவையான இடத்தையும் நேரத்தையும் உண்டாக்கித் தருவது இந்த ஐவரின் பொறுப்பு. 50 முதல் 79 வரையிலான எண்களை அணியும் இவர்கள், நடுவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்காவிட்டால், முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கக்கூட உரிமை இல்லாதவர்கள். சென்டரை விட்டால் மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலேயே பத்து வருடம் ஆடி ஓய்வுபெறலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஓய்வுபெறுகிறார்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த புதிதில் நானும் எல்லோரையும் போலப் பந்தையே பார்த்தேன். ஒருநாள் பந்தை விட்டுவிட்டு இடது ஓரத்து டாக்கிளை மட்டும் பார்த்தேன். அதன் பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது.

அவருக்கு எதிரே 120 கிலோ எடையுள்ள ஒருவர் ஓட்டப்பந்தய வீரரைப் போலக் குனிந்து நிற்கிறார். பந்து அசைந்ததும் எதிராளி முன்னோக்கி ஓடுகிறார். டாக்கிள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவரை மறிக்க வேண்டும். உள்கால் தரையை உந்தும், வெளிக்கால் பின்னால் சறுக்கும். இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. ஒட்டினால் ஒரு தள்ளில் சாய்ந்துவிடுவார். இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. பிறகு கை. சற்று முந்தி நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிட்டு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சற்றுப் பிந்தினால் எதிராளியின் கை இவர் நெஞ்சில் இருக்கும். கட்டைவிரல் மேல் நோக்க, உள்ளங்கைகள் எதிராளியின் மார்புக்குள் பதிய வேண்டும். தோளுக்கு வெளியே துணியைப் பிடித்து இழுத்தால் அது ஹோல்டிங். அணிக்குப் பத்து கெஜம் நட்டம். பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போக இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் இத்தனையும். தான் காக்கும் ஆள் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது. முதுகுக்குப் பின்னால் இத்தனை கெஜத்தில் நிற்பார் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரணியின் ஊரில் ஆடும்போது கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரலே கேட்காது. அப்போது கார்டு கால்களுக்கு நடுவே பின்னால் எட்டிப் பார்த்து, குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியதும் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்தி, மனதுக்குள் எண்ணி, பந்தை அனுப்புவார். ஓரத்து டாக்கிளுக்குக் காதால் பயனில்லை. ஒரு கண் எதிராளி மேல், மறு கண் பந்து மேல். பந்துக்கு முன் ஒரு விரற்கடை அசைந்தாலும் ஐந்து கெஜம் தண்டனை. அசையத் தாமதித்தால் எதிராளி தாண்டிப் போயிருப்பார்.

இத்தனை நுணுக்கமான வேலைக்கு ஸ்கோர்கார்டில் ஒரு கட்டம் கிடையாது. எறிந்தவருக்கு, பிடித்தவருக்கு, ஓடியவருக்கு எல்லாம் கெஜக் கணக்கு உண்டு. குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தினால் அது சாக். 1982 முதல் வீழ்த்தியவர் பெயரில் அதிகாரபூர்வமாக ஏறுகிறது. யாரைத் தாண்டி வந்து வீழ்த்தினார் என்பதற்கு மட்டும் அதிகாரபூர்வப் பதிவில் இடமில்லை. லைன்மேனின் எண் மைதானத்தில் ஒலிப்பது பெரும்பாலும் நடுவர் தண்டனையை அறிவிக்கும்போதுதான். இப்போது தனியார் நிறுவனங்கள் ஒவ்வொரு ஸ்னாப்பையும் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. அந்த மதிப்பெண்ணை நான் முழுசாக நம்புவதில்லை. ஓர் ஆட்டத்தில் எதிராளியை உள்ளே விட்டது கார்டின் தவறா, அல்லது சென்டர் கொடுத்த மாற்றுக் குரலை டாக்கிள் பிடிக்கவில்லையா என்பது அந்த ஐவருக்கும் அவர்கள் பயிற்சியாளருக்கும்தான் தெரியும். வெளியே உட்கார்ந்து எண் போடுபவருக்குப் பாதி ஊகம்தான்.

ரசிகர்கள் இவர்களை நேரடியாகக் கொண்டாடிய காலமும் ஒன்று இருந்தது. 1982இல் வாஷிங்டன் அணியின் வரிசைப் பயிற்சியாளர் ஜோ பூகல் தன் ஆட்களுக்குப் பன்றிகள் என்று செல்லப்பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவி, ரசிகர்கள் பன்றி மூக்கு மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அந்த வாஷிங்டன் 1982, 1987, 1991 சீசன்களில் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது. ஆனால் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சரி, சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சரி, இதுவரை தாக்குதல் வரிசை லைன்மேன் ஒருவருக்கும் கிடைத்ததில்லை. அவர்களுக்கென்று தனி விருது ஒன்றை இந்த ஆட்டத்தின் லீக்கான என்எஃப்எல் அறிவித்ததே 2025இல்தான்.

புகழ் வராவிட்டாலும் பணம் வந்தது. எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1978 வரை, பந்து எறியும் ஆட்டத்தில் லைன்மேன் கையை விரித்து நீட்டித் தடுக்க விதி இடம் தரவில்லை. கையை உடம்போடு ஒட்டிவைத்துத் தோளால் முட்டித்தான் நிறுத்த வேண்டும். அந்த ஆண்டு திறந்த கை அனுமதிக்கப்பட்டது. பந்து பிடிப்பவர்களைத் தொந்தரவு செய்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆட்டம் தரையிலிருந்து வானத்துக்கு மாறியது. எறிபவரின் மதிப்பு ஏற ஏற, அவரைக் காப்பவரின் மதிப்பும் ஏறியிருக்க வேண்டும். உடனே ஏறவில்லை.

1981இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு லாரன்ஸ் டெய்லர் வந்தார். வலக்கைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் திரும்பினால் அவருடைய இடப்பக்கம் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் டெய்லர் வருவார். 1985 நவம்பர் 18 இரவு, தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் டெய்லரின் எடைக்குக் கீழே முறிந்தது. தைஸ்மன் அதன் பிறகு ஆடவே இல்லை. வாஷிங்டனின் வழக்கமான இடது டாக்கிள் ஜோ ஜேக்கபி அன்று காயத்தால் வெளியே இருந்தார். கண்ணுக்கு இமை போன்றவர் ஒருவர் வராத நாளில்தான் இமையின் விலை தெரிந்தது.

தெரிந்ததைச் சம்பளமாக மாற்றச் சந்தை வேண்டியிருந்தது. அதுவரை ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போக வழியில்லை. அந்தக் கட்டை உடைத்த தொழிற்சங்கத்தின் தலைவர் ஜீன் அப்ஷா, ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பழைய கார்டு. 1987 வேலைநிறுத்தம் தோற்றது, வழக்குகள் ஜெயித்தன, 1993இல் தடையற்ற ஒப்பந்த உரிமை வந்தது. அதே ஆண்டு பஃபலோ பில்ஸ் அணியின் இடது டாக்கிள் வில் வுல்ஃபர்டை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கேட்டது. ஒப்பந்தத்தில் ஒரு குறும்பான நிபந்தனை: அணியின் தாக்குதல் ஆட்டக்காரர்களிலேயே அதிகச் சம்பளம் இவருக்குத்தான். அவரைத் தக்கவைக்க பஃபலோவும் அதே நிபந்தனையை ஏற்க வேண்டும். ஆனால் அவர்களிடம் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி இருந்தார். கெல்லியை விட ஒரு லைன்மேனுக்கு அதிகம் கொடுக்க அவர்களால் முடியாது. வுல்ஃபர்ட் போனார். அந்த மாதிரி நிபந்தனையை லீக் பிறகு தடை செய்தது. ஆனால் சந்தை கண்ணைத் திறந்துவிட்டது.

இந்தக் கதையை உலகறியச் செய்தது மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய ‘தி பிளைண்ட் சைட்’. 2009இல் அது படமாகவும் வந்து சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. நல்ல புத்தகம், ஆனால் அதன் வாதம் கொஞ்சம் அளவுக்கு மீறிக் கச்சிதமானது. எல்லாம் இடது ஓரத்தில்தான் என்று அது நம்பவைத்தது. அதன் நாயகன் மைக்கேல் ஓர் 2013 பிப்ரவரியில் பால்டிமோர் ரேவன்ஸோடு சூப்பர் பவுல் வென்றபோது நின்றது வலது ஓரத்தில். இன்று பாயும் ஆட்கள் இரு பக்கமும் இடம் மாறி மாறி நிற்கிறார்கள். டெட்ராய்ட்டின் பெனே சூவல் வலது டாக்கிளாக ஆடியவர். 2024இல் அவர் போட்டது நான்கு ஆண்டுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம். ஒரு குடும்பம் மைக்கேல் ஓரைத் தத்தெடுத்ததாகப் படம் சொன்ன கதையும் நிலைக்கவில்லை. தன்னைத் தத்தெடுத்ததாக நம்பவைத்துச் சட்டக் காப்பாளர் பொறுப்பை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள் என்று மைக்கேல் ஓர் 2023இல் நீதிமன்றம் போனார். குடும்பம் மறுத்தது. அந்தக் காப்பாளர் ஏற்பாட்டை நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது.

இந்த வேலைக்குள் வரும் வழிகள் விசித்திரமானவை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில் ஏழு சுற்று. பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேசன் கெல்சி 2011இல் ஆறாவது சுற்றில் 191ஆவது ஆளாகப் போனார். சென்டருக்கு உடம்பு போதாது என்று நினைத்தார்கள். 13 சீசன் ஆடி, ஆறு முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் முதல் அணியில் இடம்பிடித்து 2024இல் ஓய்வுபெற்றார். ஜெஃப் சாட்டர்டே 1998 டிராஃப்ட்டில் யாருக்குமே வேண்டாதவர். ரேவன்ஸ் எடுத்து உடனே கழற்றிவிட்டது. மின்சாதனக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். (நம்மூர் அர்த்தத்திலும் லைன்மேனுக்குப் பக்கத்தில் போனவர் இவர் ஒருவர்தான்.) மறு ஆண்டு கோல்ட்ஸ் கூப்பிட்டது, குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்குக்கு ஒரு தலைமுறை பந்து எடுத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் விநோதம் ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் பிறந்த சமோவா வம்சாவளிக்காரர். ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பந்தயம்கூட ஆடாதவரை, 157 கிலோ உடம்பும் காலின் லாவகமும் பார்த்து, ஈகிள்ஸ் 2018இல் 233ஆவது ஆளாக எடுத்தது. எப்படி நிற்க வேண்டும் என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள். முதல் இரண்டு சீசனும் களத்துக்குள்ளேயே வரவில்லை. 2025 பிப்ரவரியில் அதே அணி கான்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திச் சூப்பர் பவுல் வென்றபோது இடது ஓரம் அவருடையது. உடம்பைக் கண்டெடுத்து நுணுக்கத்தைப் பிறகு ஊட்டலாம் என்பது வேறெந்த இடத்தையும் விட இந்த வரிசைக்குப் பொருந்துகிறது. ஊட்டுவதற்கு நல்ல வாத்தியார் வேண்டும், அவ்வளவுதான்.

இவர்களெல்லாம் விதிவிலக்குகள். ஆட்டக்காரரின் சராசரித் தொழில் ஆயுள் 3.3 ஆண்டு என்று தொழிற்சங்கம் சொல்லிவந்திருக்கிறது. ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற மூன்று சீசன் கணக்கில் ஏற வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரிசையின் கடைசி இருக்கையில் இருப்பவர் ஆகஸ்ட் மாத ஆள்குறைப்பை எப்படிப் பார்ப்பார் என்பது புரியும். பெரிய தொகை அறிவிக்கப்பட்டாலும் அதில் உறுதியளிக்கப்பட்ட பகுதி மட்டுமே கைக்கு வரும். மிச்சம் அணி வைத்துக்கொள்ளும்வரைதான்.

உடம்புக்கு வருவோம். 1970களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர் சுமார் 116 கிலோ. இன்று 136 கிலோவுக்குக் கீழே இருப்பவரை வரிசையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடையைத் தக்கவைப்பது இவர்களுக்கு உத்தியோகத்தின் ஒரு பகுதி. பசித்தால் சாப்பிடுவது என்பதெல்லாம் இல்லை. எடை இறங்காதிருக்கச் சாப்பிடுவது. அந்த உடம்பை ஆகஸ்ட் வெயிலில் ஓடவிட்டால் என்னாகும் என்பதற்கு 2001 நினைவிருக்கிறது. மினசோட்டா வைக்கிங்ஸின் டாக்கிள் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கில் சரிந்து ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். வயது 27. முகாம்களில் தண்ணீர், நிழல், இடைவேளை பற்றிய நடைமுறைகள் மாறியது அதன் பிறகு.

வெப்ஸ்டரின் முடிவு வேறு விதம். 17 சீசன், நான்கு சூப்பர் பவுல், 1997இல் ஆட்டத்தின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம். ஓய்வுக்குப் பின் நினைவு தப்பியது, பணம் கரைந்தது, சில காலம் தன் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002இல், 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்தவர் நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு. திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நாட்பட்ட மூளைச் சிதைவை அதில் கண்டு, 2005இல் கட்டுரையாக வெளியிட்டார். லீக்கின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். வெப்ஸ்டரின் ஊனத் தொகைக்கான வழக்கை அவர் வாரிசுகள் ஜெயித்தது அவர் இறந்த பிறகு.

லைன்மேனுக்கு இதில் தனிச் சிக்கல். மயங்கி விழவைக்கும் பெரிய மோதல் அவருக்கு அதிகம் வராது. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் ஒரு சின்ன முட்டல். ஆட்டத்துக்கு அறுபது, எழுபது. பயிற்சியில் அதற்கு மேல். எதுவும் மருத்துவரின் ஏட்டில் ஏறாது. ஸ்கோர்கார்டில் ஏறாத வேலைக்கு ஏட்டில் ஏறாத அடி. 2017 ஜூலையில், தானமாகக் கிடைத்த 111 என்எஃப்எல் ஆட்டக்காரர் மூளைகளில் 110இல் இந்தச் சிதைவு இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும்; ஆகவே ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இரண்டே நாளில் ரேவன்ஸ் கார்டு ஜான் உர்ஷல், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். அவர் எம்ஐடியில் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். நிகழ்தகவு தெரிந்தவர்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தொழில்நலன் ஆய்வு நிறுவனம் 2012இல் பழைய ஆட்டக்காரர்களின் இறப்புகளை ஆராய்ந்தபோது, மொத்தமாகப் பார்த்தால் அவர்கள் சாதாரண ஆண்களை விட நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள். பெருத்த உடம்புக்காரர்களிடம் மட்டும் இதயநோய் மரணம் கூடியிருந்தது. லைன்மேன்களும் பெருத்த உடம்புக்காரர்களே. அதனால்தான் ஓய்வு அறிவித்த மறுநாளே இவர்கள் இளைக்கத் தொடங்குகிறார்கள். ஸ்டீலர்ஸ் கார்டு ஆலன் ஃபனேகா ஏறக்குறைய 45 கிலோ குறைத்து 2014இல் மாரத்தான் ஓடினார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள்.

ஜோ தாமஸும் அப்படி இளைத்தவர்தான். இந்தத் தொழிலை ஒரே ஆளில் காட்டு என்றால் நான் அவரைக் காட்டுவேன். 2007 டிராஃப்ட்டில் மூன்றாவது ஆள். நியூயார்க்கில் மேடையேறி அணியின் தொப்பியை வாங்க வேண்டிய நேரத்தில், அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கிளீவ்லண்ட் பிரௌன்ஸின் இடது டாக்கிளாக முதல் பத்து சீசனிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த அணியோ தோல்விக்குப் பேர்போனது. 2016இல் ஒரே ஒரு வெற்றி, 2017இல் அதுவும் இல்லை. அவர் காலத்தில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள், இருபது குவார்ட்டர்பேக்குகள் வந்து போனார்கள். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடியதில்லை. 2023இல், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே, ஹால் ஆஃப் ஃபேம் அவரை எடுத்துக்கொண்டது.

இவரிடம் ஓர் எண் இருக்கிறது. முதல் ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பிலிருந்து ஒன்றைக்கூட விடாமல் களத்தில் நின்றார்: 10,363. ஒன்றுக்கு ஐந்து விநாடி என்று வைத்தால், பதினொரு சீசனின் உண்மையான வேலை நேரம் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் போகும் நேரம்.

2017 அக்டோபர் 22, சொந்த மைதானம், டென்னசி டைட்டன்ஸோடு ஆட்டம், மூன்றாம் கால்பகுதி. தாமஸ் இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மேற்கையின் பின்தசை நாண் அறுந்திருந்தது. எழுந்து மெதுவாக வெளியே நடந்தார். எண்ணிக்கை நின்றது. அடுத்த ஸ்னாப்புக்கு அணி வரிசையில் வந்து குனிந்தபோது, 167 ஆட்டமாக 73 என்ற எண் நின்ற இடத்தில் வேறோர் எண் நின்றது. சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பினார்.